அரிய மென்திசுப் புற்றுநோயில் இம்யூனோதெரபி: கட்டிக்குள் எந்தச் செல்கள், எந்த ஒழுங்கில்?

கேள்வி: என் தம்பிக்கு 43 வயது. அவருடைய வலது தொடையில் வந்த கட்டியைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு அறுவை செய்து அகற்றினார்கள். ‘அன்டிஃபரன்ஷியேட்டட் ப்ளியோமார்ஃபிக் சார்கோமா’ என்று அறிக்கை வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து இப்போது இரு நுரையீரல்களிலும் சிறு முடிச்சுகள் தெரிகின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து ஊசி வழியே எடுத்த திசுவின் அறிக்கை, “மேக்ரோஃபேஜ்கள் மிகுதி, டி செல்கள் குறைவு, ஓரிடத்தில் லிம்போசைட் திரள், பி.டி.-எல்1 ஒரு சதவீதத்துக்கும் கீழ்” என்கிறது. முதலில் டாக்ஸோரூபிசின் என்ற கீமோதெரபி மருந்தைக் கொடுக்கலாம் என்கிறார் எங்கள் மருத்துவர், பி.டி.-எல்1 இல்லாததால் இம்யூனோதெரபி பயன்படாது என்றும் சொல்கிறார். இரண்டாவது கருத்துக் கேட்ட இடத்தில், “இந்த வகைக்கு இம்யூனோதெரபி வேலை செய்யும், உடனே தொடங்குங்கள்” என்றார்கள். சார்கோமாவுக்குச் செல் சிகிச்சை வந்துவிட்டதாகவும் செய்தி படித்தோம். தம்பிக்குப் பல ஆண்டுகளாகக் காய்ச்சலே வந்ததில்லை. அவருடைய எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்ததால்தான் இந்த நோய் வந்ததா? அதைக் கூட்டும் மாத்திரைகளையும் பொடிகளையும் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கேள்விகள் பலவாகத் தோன்றினாலும் அவை ஓரிடத்தில்தான் வந்து சேர்கின்றன. உங்கள் தம்பியின் கட்டிக்குள் எந்த எதிர்ப்புச் செல்கள், எவ்வளவு, எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்பதே அந்த இடம். நான் மருந்து எழுதித் தரும் புற்றுநோய் மருத்துவர் அல்லன். நுண்ணோக்கியில் திசுவைப் பார்த்து அறிக்கை எழுதும் நோய்க்குறியியல் மருத்துவர். ஆகையால் எந்த மருந்தைத் தொடங்க வேண்டும் என்று இங்கிருந்து முடிவு சொல்வது முறையாகாது. ஆனால் அந்த முடிவுக்கு அடிப்படையான அறிக்கையை எப்படிப் படிப்பது, அதில் இன்னும் எது எழுதப்படாமல் இருக்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.டி.-எல்1 என்ற புரதம் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி, உடலின் எதிர்ப்புச் செல்களையே கட்டிக்கு எதிராக இயக்கும் இம்யூனோதெரபியை ஒதுக்குவது சார்கோமாவைப் பொறுத்தவரை வலுவான வாதம் அன்று. நோயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உடனே தொடங்கச் சொல்வதும் இடையில் செய்ய வேண்டிய ஒரு முக்கியமான வேலையைத் தாண்டிச் செல்வதுதான்.

காய்ச்சல் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பல குடும்பங்களில் அது குற்ற உணர்வாக மாறிவிடுகிறது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கென்றே வரும் சார்கோமாக்கள் உண்டு. எய்ட்ஸ் நோயாளிகளிடமும், உறுப்பு மாற்றுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களிடமும் தோன்றும் கபோசி சார்கோமா அவற்றுள் ஒன்று. அதற்குப் பின்னால் மனித ஹெர்பிஸ் வைரஸ் 8 இருக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சார்ந்த மென்தசைக் கட்டிகள் இன்னொன்று. உங்கள் தம்பிக்கு வந்திருக்கும் வகை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. உடலின் பொதுவான எதிர்ப்பாற்றல் நன்றாக இருக்கும் ஆட்களிடமே அது பெரும்பாலும் தோன்றுகிறது. காய்ச்சலுக்கும் சார்கோமாவுக்கும் உள்ள தொடர்பு என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்ததும் அன்று. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், கழுத்தில் சார்கோமா இருந்த ஒரு நோயாளிக்குத் தோல் தொற்றும் கடும் காய்ச்சலும் வந்தபின் கட்டி மறைந்துபோன பழைய மருத்துவக் குறிப்பு ஒன்றைக் கண்டு, 1891-இல் அறுவை செய்ய இயலாத நிலையிலிருந்த இன்னொரு நோயாளியின் கட்டியில் உயிருள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளையே செலுத்திப் பார்த்தார். அந்தக் கட்டி சுருங்கியது. நோயாளி பல ஆண்டுகள் வாழ்ந்தார். புற்றுநோய் இம்யூனோதெரபியின் வரலாறு சார்கோமாவிலிருந்துதான் தொடங்குகிறது என்பது எங்கள் துறையில் அடிக்கடி நினைவுகூரப்படும் செய்தி. ஆனால் யாருக்குப் பலன் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று கோலியால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. சிலர் தொற்றினாலேயே இறந்தார்கள். கதிர்வீச்சும் கீமோதெரபியும் வந்தபின் அந்த முறை கைவிடப்பட்டது. ஆகவே காய்ச்சல் வராமல் இருந்தது நோய்க்குக் காரணம் என்று அந்த வரலாற்றிலிருந்து யாரும் முடிவு கட்ட முடியாது.

சார்கோமா ஒரே நோய் அன்று என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தசை, கொழுப்பு, நரம்பு உறை, இரத்தக் குழாய் போன்ற திசுக்களிலிருந்து தோன்றும் இந்தப் புற்றுநோய்கள் பெரியவர்களுக்கு வரும் எல்லாப் புற்றுநோய்களிலும் ஏறத்தாழ ஒரு சதவீதமே. அந்த ஒரு சதவீதத்துக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. மரபணு நோக்கில் இவற்றை இரண்டு பெரும் அணிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். முதல் அணியில், இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் உண்டாகும் ஓர் இணைவு மரபணுவே நோய் முழுவதையும் இயக்குகிறது. மற்றபடி அந்தச் செல்லின் மரபணுத் தொகுதி பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். சைனோவியல் சார்கோமாவும் யூயிங் சார்கோமாவும் இந்த அணியைச் சேர்ந்தவை. இரண்டாவது அணியில் குரோமோசோம்கள் உடைந்தும் பெருகியும் தொலைந்தும் பெருங்குழப்பமாக இருக்கும். உங்கள் தம்பிக்கு வந்துள்ள, நாங்கள் சுருக்கமாக யு.பி.எஸ். என்று குறிப்பிடும் வகையும், மிக்ஸோஃபைப்ரோசார்கோமாவும், லியோமயோசார்கோமாவும் இரண்டாவது அணி.

எதிர்ப்புச் செல்கள் ஒரு செல்லை அயலானது என்று அடையாளம் காண வேண்டுமானால், அதன் மேற்பரப்பில் வழக்கத்துக்கு மாறான புரதத் துணுக்குகள் தென்பட வேண்டும். மரபணுவில் எழுத்துப் பிழை போன்ற சிறு பிறழ்வுகள் மிகுந்த, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முதலியவற்றில் அத்தகைய துணுக்குகள் ஏராளம். 2017-இல் வெளியான புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தின் ஆய்வு, பெரியவர்களின் 206 மென்திசுச் சார்கோமாக்களை எடுத்துப் பார்த்தபோது, பத்து லட்சம் மரபணு எழுத்துகளுக்குச் சராசரியாக ஒரு பிறழ்வு என்ற அளவே காணப்பட்டது. குரோமோசோம் குழப்பம் மிகுந்த வகைகளில்கூட, குழப்பம் பெரிய துண்டுகளின் இழப்பும் பெருக்கமுமாக இருந்ததே தவிர, அயல் துணுக்குகளை உண்டாக்கும் சிறு பிறழ்வுகளாகப் பெரிதும் இல்லை. முதல் அணியின் நிலை இன்னும் கடினம். சைனோவியல் சார்கோமாவில் எஸ்.எஸ்.18-எஸ்.எஸ்.எக்ஸ். என்ற இணைவு மரபணுவே செல்லைப் புற்றாக மாற்றுவதோடு நிற்காமல், எதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் அதை வைத்திருக்கும் வேலையையும் செய்கிறது என்று 2021-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கட்டிகளின் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், புற்றுச் செல்களைத் தாக்கும் எதிர்ப்புச் செல்களான டி செல்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் பிறழ்வு குறைந்தால் இம்யூனோதெரபியின் பலனும் குறையும் என்ற கணக்கை அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆல்வியோலார் சாஃப்ட் பார்ட் சார்கோமா என்ற மிக அரிய வகையும் இணைவு மரபணுவால் வருவதுதான்; அதிலும் பிறழ்வுகள் மிகக் குறைவு; கீமோதெரபிக்கு அது பெரும்பாலும் அசைவதில்லை. அப்படிப்பட்ட நோயில் அடிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை ஆராய்ந்தபோது, 52 பேரில் 19 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அந்த ஆய்வுத் திட்டத்தின் அடிப்படையில் அமெரிக்க மருந்து ஆணையம் 2022 டிசம்பரில், இரண்டு வயதுக் குழந்தை முதல் பெரியவர் வரை இந்த நோய்க்கு அம்மருந்தை அனுமதித்தது. இரத்தக் குழாயிலிருந்து தோன்றும் ஆஞ்சியோசார்கோமாவின் கதை வேறு. உடலின் உட்பகுதிகளில் தோன்றும் ஆஞ்சியோசார்கோமாவில் பெரும்பாலும் பிறழ்வுகள் குறைவு. முகத்திலும் தலைத்தோலிலும் தோன்றுவதிலோ சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் விட்டுச்சென்ற பிறழ்வுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன, அங்கே இம்யூனோதெரபிக்குப் பலனும் கூடுதலாகத் தெரிகிறது. ஒரே பெயருடைய நோய் உடலில் இருக்கும் இடத்தைப் பொறுத்து இருவேறு விதமாக நடந்துகொள்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி உங்கள் கையிலுள்ள அறிக்கைக்கு வருவோம். மேக்ரோஃபேஜ்கள் மிகுதி என்ற வரி உங்களை அச்சுறுத்தியிருப்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. இவை கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கி அகற்றும் செல்கள். பெரும்பாலான சார்கோமா வகைகளில் டி செல்களைவிட இவையே எண்ணிக்கையில் மிகுந்திருக்கின்றன. ஆகவே அந்த வரி உங்கள் தம்பியைப் பற்றிய தனிச் செய்தி அன்று, இந்த நோய்க் குடும்பத்தின் பொது இயல்பு. சிக்கல் என்னவென்றால், கட்டிக்குள் வந்துசேரும் மேக்ரோஃபேஜ்களில் பல, தாக்கும் நிலையிலிருந்து புண் ஆற்றும் நிலைக்கு மாறிவிடுகின்றன. புதிய இரத்தக் குழாய்களை வளர்ப்பது, டி செல்களை அடக்கும் பொருள்களைச் சுரப்பது என்று கட்டிக்கே துணை போகின்றன. மேக்ரோஃபேஜ்களை வரவழைப்பதே ஒரு கட்டியின் முழு இயல்பாக இருப்பதும் உண்டு. மூட்டுகளின் உறையில் வரும் டெனோசைனோவியல் ஜயன்ட் செல் ட்யூமரில் மரபணு மாற்றம் அடைந்த செல்கள் சிறுபகுதிதான், அவை சி.எஸ்.எஃப்.1 என்ற புரதத்தை மிகையாகச் சுரக்க, அதனால் ஈர்க்கப்பட்டு வந்து குவிந்த செல்களே கட்டியின் பெரும்பகுதி. அந்த ஈர்ப்பைத் தடுக்கும் பெக்ஸிடார்டினிப் என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சார்கோமாக்களில் அதே வழி தனியாக அப்படிப் பலன் தரவில்லை, ஏனெனில் இங்கே மேக்ரோஃபேஜ்கள் பல தடைகளுள் ஒன்று மட்டுமே. சார்கோமாவில் ஏற்கெனவே பயன்பாட்டிலுள்ள ட்ரபெக்டெடின் என்ற கீமோதெரபி மருந்து, புற்றுச் செல்களோடு மேக்ரோஃபேஜ்களையும் குறைக்கிறது என்று 2013-இல் கண்டறியப்பட்டது; பின்னாளில் உங்கள் மருத்துவர் அந்த மருந்தின் பெயரைச் சொன்னால் இந்தச் செய்தி நினைவிருக்கட்டும்.

பி.டி.-எல்1 வரிதான் உங்கள் குடும்பத்தில் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். டி செல்லின் மேல் பி.டி.-1 என்ற தடை இருக்கிறது. கட்டியிலுள்ள செல்கள் பி.டி.-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்தத் தடையை அழுத்துகின்றன. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அந்த அழுத்தத்தை நீக்குகின்றன. அவை புதிதாக டி செல்களை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே வந்து, அடங்கிக் கிடக்கும் டி செல்களை விடுவிக்கின்றன. நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றில் பி.டி.-எல்1 அளவு சிகிச்சையைத் தீர்மானிக்க உதவுகிறது என்பதால், அதே அளவுகோலைச் சார்கோமாவுக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இங்கே அது நம்பத்தக்க அளவுகோலாக நிரூபணம் ஆகவில்லை. பெம்ப்ரோலிசுமாபை முற்றிய சார்கோமாக்களில் ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்ட சார்க்028 என்ற ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 70 பேரின் திசுக்களில் மூன்றில் மட்டுமே பி.டி.-எல்1 காணப்பட்டது. அந்த மூன்றும் யு.பி.எஸ். என்பதும், அவர்களில் இருவருக்குப் பலன் கிடைத்தது என்பதும் உண்மை. எனினும் அந்த ஆய்வில் கட்டி சுருங்கிய மென்திசுச் சார்கோமா நோயாளிகள் மொத்தம் ஏழு பேர் என்பதை எண்ணிப் பாருங்கள். பி.டி.-எல்1 இருந்தால் ஓரளவு நம்பிக்கை கூடலாம். இல்லையென்றால் அது கதவை மூடிவிடுவதில்லை.

அதே ஆய்வு உங்களுக்கு இரண்டாவது கருத்துச் சொன்னவரின் பேச்சுக்கும் அடிப்படை. அதில் யு.பி.எஸ். நோயாளிகள் பத்துப் பேரில் நால்வருக்கும், டீடிஃபரன்ஷியேட்டட் லைப்போசார்கோமா நோயாளிகள் பத்துப் பேரில் இருவருக்கும், சைனோவியல் சார்கோமாவில் பத்தில் ஒருவருக்கும் கட்டி சுருங்கியது. லியோமயோசார்கோமாவில் பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. நாற்பது சதவீதம் என்ற அந்த எண் வேகமாகப் பரவியது. பின்னர் யு.பி.எஸ். நோயாளிகளின் எண்ணிக்கையை நாற்பதாக விரித்தபோது பலன் பெற்றோர் ஒன்பது பேர், அதாவது ஏறத்தாழ 23 சதவீதம். நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. கீமோதெரபிக்கு அப்பால் வழிகள் குறைந்த ஒரு நோயில் அது சிறிய எண் அன்று. ஆனால் நான்கில் மூவருக்குப் பலனில்லாத ஒரு மருந்தை யாருக்கு என்று பாராமல் தொடங்கச் சொல்வதற்கும் அது இடம் தரவில்லை.

அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதே கடந்த சில ஆண்டுகளின் பெரிய கேள்வி. 2020-இல் நேச்சர் இதழில் வெளியான பிரெஞ்சு ஆய்வாளர்களின் ஆய்வு, 608 மென்திசுச் சார்கோமாக்களை அவற்றின் எதிர்ப்புச் செல் சூழலைக் கொண்டு ஏ முதல் இ வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தது. ஏ வகுப்பில் எதிர்ப்புச் செல்களே அரிது. அதைப் பாலைநிலம் என்றே குறிப்பிடுகிறார்கள். சி வகுப்பில் இரத்தக் குழாய்கள் மிகுதி. இ வகுப்பில் டி செல்களோடு பி செல்களும் நிறைந்திருந்தன. முற்றிய நோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களின் திசுக்களை இதே முறையில் வகைப்படுத்தியபோது, இ வகுப்பினரில் பாதிப்பேருக்குப் பலன் கிடைத்திருந்தது. ஏ, பி வகுப்புகளில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நோயின் பெயரைவிட, இந்தச் சூழல்தான் பலனைக் கூடுதலாகப் பிரித்துக் காட்டியது. யு.பி.எஸ். கட்டிகளிலும் பாலைநிலங்கள் உண்டு. வேறு வகைகளிலும் இ வகுப்பைச் சேர்ந்தவை உண்டு.

பலரும் எதிர்பாராத செய்தி, அங்கே பி செல்கள் பெற்ற இடம். புற்றுநோயைத் தாக்குபவை டி செல்கள், பி செல்கள் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் செய்பவை என்றே நீண்டகாலம் கற்பிக்கப்பட்டது. இ வகுப்புக் கட்டிகளில் இந்த இரண்டும் சிதறிக் கிடக்கவில்லை. நடுவே பி செல்கள் உருண்டையாகத் திரண்டு, அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் வலை போன்ற ஃபாலிக்குலர் டெண்ட்ரிட்டிக் செல்களோடும், சுற்றிலும் டி செல்களோடும், ஒரு நிணநீர்க் கணுவின் உள்ளமைப்பையே கட்டிக்குள் உருவாக்கியிருந்தன. இவற்றை மூன்றாம்நிலை நிணநீர் அமைப்புகள் என்கிறோம். பிறவியிலேயே அமைந்த நிணநீர் உறுப்புகள் அல்ல இவை. நீண்டகால அழற்சியோ புற்றுநோயோ உள்ள இடத்தில் புதிதாக எழுபவை. டி செல்களும் பி செல்களும் அங்கேயே கட்டியின் துணுக்குகளை அறிந்து, பெருகி, பயிற்சி பெறுகின்றன என்பதே இப்போதைய விளக்கம். கட்டிக்குள் இத்தகைய அமைப்பு இருப்பது, எதிர்ப்பாற்றல் அந்தக் கட்டியை ஏற்கெனவே அடையாளம் கண்டுவிட்டது என்பதற்குச் சான்று. அதன்பின் தடையை நீக்கும் மருந்துக்குச் செய்ய வேலை இருக்கிறது.

இது நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கவும் உதவியது. பெம்ப்ரோசார்க் என்ற பிரெஞ்சு ஆய்வில், பெம்ப்ரோலிசுமாபோடு சிறு அளவில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோதெரபி மருந்தும் கொடுத்தார்கள். யாரையும் தேர்ந்தெடுக்காமல் சேர்த்தபோது பலன் 2.4 சதவீதம் மட்டுமே. திசுவில் மூன்றாம்நிலை நிணநீர் அமைப்பு இருப்பவர்களை மட்டும் சேர்த்தபோது அது 30 சதவீதமாக உயர்ந்தது. ஆறு மாதம் நோய் வளராமல் இருந்தவர்களின் விகிதம் 4.9-இலிருந்து 40 சதவீதமாயிற்று. 2022-இல் வெளிவந்த இந்த முடிவு சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளைச் சார்ந்தது, இரு குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவையும் அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆயினும், முதிர்ந்த நிணநீர் அமைப்புகள் இருப்பவர்களுக்குப் பி.டி.-எல்1 இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கூடுதல் என்று பலவகைப் புற்றுநோய்களை ஆராய்ந்த இன்னொரு ஆய்வும் 2021-இல் காட்டியிருப்பதால், உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசுவதற்குப் போதிய அடிப்படை உண்டு.

இப்போது உங்கள் அறிக்கையின் மூன்றாவது வரியைத் திரும்பப் பாருங்கள்: ‘ஓரிடத்தில் லிம்போசைட் திரள்.’ அதை மூன்றாம்நிலை நிணநீர் அமைப்பு என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன், இரண்டு காரணங்களுக்காக. முதலாவதாக, டி செல், பி செல் போன்ற லிம்போசைட்டுகள் கூடி நிற்பது மட்டும் போதாது. பி செல், டி செல் பகுதிகளும் நடுவில் வலைச் செல்களும் இருக்கின்றனவா என்பதைச் சி.டி.20, சி.டி.3, சி.டி.21 அல்லது சி.டி.23 ஆகிய சாயமேற்றல் பரிசோதனைகளால் உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது காரணம் பலருக்கும் தோன்றாதது. நுரையீரல் தன் இயல்பிலேயே, குறிப்பாகப் புகைபிடித்தவர்களிடமும் பழைய தொற்று இருந்தவர்களிடமும், மூச்சுக் குழாய்களை ஒட்டி லிம்போசைட் திரள்களை வைத்திருக்கக் கூடியது. ஊசியில் வந்த மெல்லிய திசுவில், அந்தத் திரள் கட்டியைச் சேர்ந்ததா, பக்கத்து நுரையீரலைச் சேர்ந்ததா என்பதை அறிக்கை எழுதியவர் குறிப்பிட்டுச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு. மறுபுறம், ஊசித் திசுவில் இந்த அமைப்பு காணப்படவில்லை என்றால் அது கட்டியில் இல்லை என்றும் ஆகிவிடாது. இவை பெரும்பாலும் கட்டியின் விளிம்பில்தான் இருக்கும், ஊசியோ நடுவில் பாயும். அறுவையில் எடுத்த தொடைக் கட்டியின் திசு அளவில் பெரியது என்பதால் அதில் தேடுவது எளிது. அது கதிர்வீச்சுக்குப் பிந்தைய திசு என்பதையும், கதிர்வீச்சு எதிர்ப்புச் செல் சூழலை மாற்றிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படிக்க வேண்டும், அவ்வளவே. கதிர்வீச்சுக்கு முன் எடுத்த முதல் ஊசித் திசு, அறுவைத் திசு, இப்போதைய நுரையீரல் திசு ஆகிய மூன்றையும் ஒரே மருத்துவர் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே சிறந்தது.

அப்படிப் பார்க்கும்போது நோயின் பெயரும் மறுபரிசீலனைக்கு உள்ளாக வேண்டும். யு.பி.எஸ். என்பது மற்ற எல்லா வகைகளையும் விலக்கிய பிறகு எஞ்சுவதற்கு இடும் பெயர். எம்.டி.எம்.2 மரபணுப் பெருக்கம் தெரிந்தால் அது டீடிஃபரன்ஷியேட்டட் லைப்போசார்கோமாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. தசைச் செல்லின் அடையாளங்கள் தெரிந்தால் லியோமயோசார்கோமா. அபூர்வமாக, நிறமியற்ற மெலனோமாவும் இதே தோற்றத்தில் வந்து ஏமாற்றும். மேலே சொன்ன எண்களில் இந்த வகைகளுக்கிடையே இருக்கும் வேறுபாட்டைப் பார்த்தாலே, சார்கோமாவையே மிகுதியாகப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரின் மறுபார்வை ஏன் வேண்டும் என்பது விளங்கும். உலகெங்கும் சார்கோமா அறிக்கைகள் மறுபார்வையில் கணிசமான அளவில் திருத்தப்படுகின்றன. முதலில் எழுதியவரின் திறமைக் குறைவாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது; இந்த நோய்களின் அரிய தன்மையே அதற்குக் காரணம். இதே சமயத்தில் கட்டியின் பிறழ்வுச் சுமையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பத்து லட்சம் எழுத்துகளுக்குப் பத்துப் பிறழ்வுகளோ அதற்கு மேலோ இருந்தால், எந்த உறுப்பின் புற்றுநோயானாலும் வேறு நல்ல வழி இல்லாதபோது பெம்ப்ரோலிசுமாப் கொடுக்க 2020 முதல் அமெரிக்காவில் அனுமதி உண்டு. யு.பி.எஸ்.-இல் அது அரிது, ஆனால் இல்லாததன்று.

உங்கள் மருத்துவர் டாக்ஸோரூபிசினை முதலில் வைப்பது வழக்கமான, ஏற்கத்தக்க முடிவு. அதனால் பின்னர் இம்யூனோதெரபிக்கான வாய்ப்பு அடைபடுவதில்லை. முடிச்சுகள் எண்ணிக்கையில் குறைவாக, மெதுவாக வளர்பவையாக இருந்தால், அவற்றை அறுவையால் அகற்ற முடியுமா என்பதையும் மார்பு அறுவை மருத்துவரோடு கலந்து கேட்க வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லாததால் சொல்கிறேன். நோய் பரவுமுன், தொடையில் இருந்த நிலையிலேயே கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்திருக்கலாமோ என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கை கால்களில் வந்த யு.பி.எஸ்., லைப்போசார்கோமா நோயாளிகளிடம் அப்படிச் செய்த சார்க்032 ஆய்வு, இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்களின் விகிதம் 52-இலிருந்து 67 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது உண்மைதான். அந்த முடிவு 2024-இன் இறுதியில்தான் வெளிவந்தது, அதுவும் நோய் மூன்றாம் கட்டத்தில் (ஸ்டேஜ் 3) இருந்தவர்களுக்கு மட்டும். கடந்துபோன சிகிச்சையைக் குறைகூற அதைப் பயன்படுத்த வேண்டாம்.

செல் சிகிச்சை பற்றிய செய்தி உண்மையே, ஆனால் அது உங்கள் தம்பியின் நோய்க்கு உரியதன்று. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஃபாமிட்ரெஸ்ஜீன் ஆட்டோலூசெல், நோயாளியின் டி செல்களையே எடுத்து, மேஜ்-ஏ4 என்ற புரதத்தை அடையாளம் காணும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் முறை. கீமோதெரபி பெற்ற சைனோவியல் சார்கோமா நோயாளிகளுக்கு மட்டும், அதிலும் கட்டியில் மேஜ்-ஏ4 இருந்து, எச்.எல்.ஏ.-ஏ2 என்ற திசுப் பொருத்தக் குழுவின் குறிப்பிட்ட சில வகைகளைக் கொண்டவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். டி செல்கள் தாமாக நுழையாத பாலைநிலக் கட்டிக்கு, அவற்றை வெளியே தயாரித்து அனுப்பும் முயற்சி என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இம்யூனோதெரபி தொடங்கும் நிலை வந்தால், அது கீமோதெரபியைவிட எப்போதும் இலேசானது என்ற பேச்சை நம்பிவிட வேண்டாம். தடை நீங்கிய எதிர்ப்புச் செல்கள் குடல், கல்லீரல், தைராய்டு, பிட்யூட்டரி, நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கலாம். அரிதாக இதயத் தசையையும் தாக்கும், அது உயிருக்கே ஆபத்து. மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் இவை தோன்றக்கூடும். நிவோலுமாபோடு, டி செல்லின் வேறொரு தடையை நீக்கும் இபிலிமுமாபும் சேர்த்தால் சார்கோமாவில் பலன் 5-இலிருந்து 16 சதவீதமாக உயர்ந்தது என்று 2018-இன் ஆய்வொன்று காட்டியது. பக்கவிளைவும் அதோடு உயரும். உங்கள் தம்பிக்கு நுரையீரலில் நோய் இருப்பதால், புதிதாக வரும் இருமலையோ மூச்சிரைப்பையோ நோயின் விளைவு என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் அன்றே தெரிவிக்க வேண்டும். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் ஏதேனும் அவருக்கு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடிகளையும் மாத்திரைகளையும் பொறுத்தவரை என் பதில் வேண்டாம் என்பதே. இதுவரை சொன்னவற்றிலிருந்து காரணம் தெரிந்திருக்கும்: கூட்டுவதற்கு உடலில் எதிர்ப்புச் சக்தி என்று ஒரே அளவாக எதுவும் இல்லை, மேக்ரோஃபேஜ்களும் எதிர்ப்புச் செல்கள்தாம். கட்டிக்குள் ஒரு நிணநீர் அமைப்பை எழுப்பும் மாத்திரை எதுவும் கிடையாது. இவற்றில் சில கல்லீரல் நொதிகளை உயர்த்துகின்றன. இம்யூனோதெரபி எடுக்கும்போது அது மருந்தால் வந்த கல்லீரல் அழற்சியா, பொடியால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் சிகிச்சையே நின்றுபோகும். கடையில் வாங்கும் புரோபயாட்டிக் மாத்திரைகளும் அப்படித்தான். மெலனோமா நோயாளிகளைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வில் அவற்றை எடுத்தவர்களுக்கு இம்யூனோதெரபியின் பலன் கூடவில்லை. நார்ச்சத்து மிகுந்த உணவு உண்டவர்களே நன்றாக இருந்தார்கள். அது சார்கோமா ஆய்வு அன்று என்றாலும், பணத்தை எதில் செலவிட வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

திசு மறுபார்வைக்கு அனுப்பும்போது கண்ணாடிச் சீவல்களை மட்டும் வாங்கி அனுப்பினால் போதாது. புதிய சாயமேற்றல்களுக்கும் மரபணுப் பரிசோதனைக்கும் புதிதாகச் சீவல் எடுக்க வேண்டியிருப்பதால், மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுக்கட்டிகளையே கேட்டு வாங்குங்கள். அறுவை நடந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறையில் அவை பாதுகாக்கப்பட்டிருக்கும். முதல் ஊசித் திசு வேறிடத்தில் எடுக்கப்பட்டிருந்தால் அங்கும் எழுதிக் கேட்க வேண்டும். இந்தப் பரிசோதனைகளுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அவற்றின் முடிவுக்காக டாக்ஸோரூபிசினைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று சுற்றுகள் முடிந்து ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் மறுபார்வை அறிக்கையும் உங்கள் மருத்துவரின் மேசையில் இருந்தால், அடுத்து எது என்ற கேள்விக்கு அவரால் பி.டி.-எல்1 என்ற ஒற்றை எண்ணைச் சாராமல் பதில் சொல்ல முடியும்.